ஆளுக்குப் பத்து தட்டு

ராமதாஸ் மைக்கைப் பிடுங்கியதும், சாவு வீட்டு வாசலில் கானா பாடிக்கொண்டிருந்தவன் பாதி வரியில் நின்றான்.

"எல்லாரும் கேட்டுக்கங்கப்பா. எந்தம்பி அர்ஜுன் நெட்ல ஒரு பக்கம் வெச்சிருந்தான். அதுல வெளம்பரம் வரும். அத்த வெரலால தட்னா அவன் பொண்டாட்டிக்கு காசு வுழும். மாலை போட்டவன் போட்டாச்சு. இப்ப ஆளுக்குப் பத்து தட்டு தட்டிட்டுப் போங்க. இதான் நம்ம மொய். வெற்றி, எப்டி தொறக்கறதுன்னு எல்லாத்துக்கும் காட்டுடா."

உள்ளே ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் மோகனப்ரியா உட்கார்ந்திருந்தாள். நேற்றுச் சாயங்காலம் அர்ஜுன் மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோதுகூட வராத பயம் இப்போது வந்தது.

காலடிப்பேட்டையின் இந்த வாடகை வீட்டை அந்த இணையப் பக்கம்தான் நடத்தியது. பல்லி தோளில் விழுந்தால் என்ன பலன், கனவில் பாம்பு துரத்தினால் என்ன வரும், 'ச'வில் பெயர் தொடங்கினால் என்ன குணம். மனிதப் பிறவிக்குக் காலணா உபயோகமில்லாத சங்கதி. அதனால்தான் லட்சக்கணக்கானவர்கள் விழுந்து விழுந்து படித்தார்கள். கம்ப்யூட்டர் வேலை அர்ஜுனுடையது, எழுத்து முக்கால்வாசி அவளுடையது. குழம்பு கொதிக்கும் நேரத்தில் நாலு கனவுக்குப் பலன் எழுதிவிடுவாள். மகள் மகிழினியின் பள்ளிக் கட்டணம் வரைக்கும் அதில்தான் போயிற்று. அவன் போனாலும் பக்கம் நிற்காது, தானே ஓட்டிக்கொள்ளலாம் என்ற ஒரே தெம்பில்தான் அவள் இரவு முழுவதும் அழாமல் இருந்தாள். புருஷன் வீட்டார் வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை.

அந்தப் பக்கத்துக்கு ஒரே ஒரு விரதம் உண்டு. சொந்தக்காரன் விளம்பரத்தைத் தொடக் கூடாது. எந்த வீட்டு இணைப்பிலிருந்து விரல் படுகிறது என்று விளம்பரம் தரும் கம்பெனிக்காரனுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் திருட்டு என்று, காசு வரும் கணக்கையே மூடிவிடுவான். ஒருமுறை அவளுடைய விரல் தவறிப் பட்டதற்கு அர்ஜுன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை, மெயிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது டோல்கேட்டில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் வெற்றி, வைஃபை பெட்டியைக் கவிழ்த்து அடியில் இருந்த பாஸ்வேர்டைத் தெருவுக்கே சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தான். ராமதாஸின் மைத்துனன் அவன். சிம் கார்டு விற்கத் தெரிந்தவனுக்கு உலகமே தெரியும் என்பது அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை.

பக்கத்தில் தன் தோளைக் கட்டிக்கொண்டிருந்த ராமதாஸின் மனைவி குப்பம்மாவிடம் மோகனப்ரியா குனிந்தாள். "அக்கா, மாமாவ நிறுத்தச் சொல்லுங்க. நம்ம ஜனம் வெளம்பரத்த தொட்டா கணக்க மூடிடுவாங்க. அவரு சொல்லியிருக்காரு."

குப்பம்மா ஒப்பாரியை அப்படியே பாதியில் விட்டாள். "புருசன் பொணமா கீறான், நீ கணக்கு பேசிகினு கீறியே! நாலு பேரு காதுல வுழுந்தா இன்னா பேசுவாங்கோ?" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினாள்.

மோகனப்ரியா எழுந்தாள். பிணத்தை விட்டுப் பெண்டாட்டி எழுந்து போவதை அந்தத் தெரு பார்த்ததில்லை. யாரோ முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். உதறிவிட்டு வாசலுக்குப் போனாள்.

ஷாமியானாவுக்குக் கீழே ஒரு குனிந்த கூட்டம். அழ வந்தவர்கள் எல்லாரும் அவரவர் போனைக் குத்திக்கொண்டிருந்தார்கள். அர்ஜுன் உயிரோடு இருந்தபோது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்காத ஜனம். "ஆம்பளயா பொறந்து போட்ல ஏறாம, வூட்ல குந்திகினு பல்லிக்கு ஜாதகம் எழுதறான்" என்று காசிமேடு முழுக்கச் சிரிக்கவைத்தவரே இந்த ராமதாஸ்தான். இன்று அவரே தரும பிரபு.

"அண்ணே, இந்த வெளம்பரம் பொண்ணு பாக்கணுமான்னு கேக்குதுண்ணே" என்றான் அன்பரசன். அவன் ராமதாஸின் மீன்பிடி போட்டில் வேலை செய்பவன்.

"கேக்கட்டும். தட்டு" என்றார் ராமதாஸ். பிறகு அவளைப் பார்த்துத் திடுக்கிட்டார். "நீ இன்னாத்துக்கும்மா எழுந்து வந்த?"

"மாமா, நிறுத்தச் சொல்லுங்க. சொந்தக்காரங்க தட்டக் கூடாது. ஒரே வூட்லேந்து இவ்ளோ தட்டு போச்சுன்னா கம்பெனிக்காரன் கணக்க மூடிடுவான். அதுக்கப்பறம் எங்களுக்கு ஒண்ணுமில்ல."

அவளுக்குத் தெரிந்த அளவுக்குத் தெளிவாகத்தான் சொன்னாள். ராமதாஸின் கண் கலங்கியது. அவருக்குக் கேட்டதெல்லாம் ஒரு தாலியறுத்தவளின் பிதற்றல்.

"மொய் வெச்சா எவனாவது வாணான்னு சொல்லுவானா? சொந்த ஜனம் தட்டாம வேற எவன் தட்டுவான்? உள்ள போம்மா. இனிமே எல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

"அதெல்லாம் பழைய ரூல்சுக்கா" என்றான் வெற்றி, போனிலிருந்து தலை தூக்காமல். "இப்ப மாத்திட்டாங்க."

அந்த முகத்தில் ஓங்கி அறையலாம் போல இருந்தது அவளுக்கு. ஒன்றும் தெரியாதவன் தெரியாது என்று சொல்லும்போது ஒரு மரியாதை இருக்கிறது, இவனிடம் அதுவும் இல்லை. அதற்குள் நாலு பெண்கள் வந்து கையையும் இடுப்பையும் பிடித்துக்கொண்டார்கள். புத்தி கலங்கிவிட்டது என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். தலையில் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்து, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் மறுபடியும் உட்காரவைத்தார்கள்.

கண்ணாடிக்கு உள்ளே அர்ஜுன் ஒன்றுமறியாதவன் போலக் கிடந்தான். அவன் மீதும் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கேலிக்குப் பயந்து, தன் தொழில் என்ன என்று அண்ணனிடம் ஒருநாள்கூட வாயைத் திறந்து சொன்னதில்லை. இப்போது வாயைக் கட்டிப் படுத்துவிட்டான். அந்தக் கூட்டத்தின் நடுவில்தான் அவள் முதல்முறையாக அழுதாள். குப்பம்மாவுக்கு நிம்மதியாக இருந்தது.

மத்தியானம் பிணத்தை எடுத்தார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டார்கள். வாகனத்துக்குப் பின்னால் போகும்போதும் இரண்டு பேர் தட்டிக்கொண்டே போனதை அவள் பார்த்தாள்.

மறுநாள் காலை ஆண்கள் பால் ஊற்றப் போயிருந்த நேரத்தில் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. வழக்கமான ஆங்கிலம், வழக்கமான மரியாதை. முறையற்ற தட்டுகள் நடந்திருப்பதால் கணக்கு நிரந்தரமாக மூடப்படுகிறது, சேர்ந்திருக்கும் தொகை விளம்பரக்காரர்களுக்கே திருப்பித் தரப்படும். மோகனப்ரியா அதை இரண்டு தடவை படித்தாள். மகிழினி பக்கத்தில் தலை வாரிக்கொண்டிருந்தாள், அவளிடம் சொல்லவில்லை. ராமதாஸ் வரட்டும், முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது என்று வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டாள். உங்க கையாலதான் மாமா மூடிச்சு. அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

ராமதாஸ் ஈர வேட்டியோடு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"கயித்த வலிச்சு வலிச்சு காய்ச்ச கை இது. இந்தப் போன தட்டி கட்ட வெரலு வலிக்குதும்மா" என்றார். "நேத்து ஏரியா ஃபுல்லா சொல்லிட்டேன். ஜனம் நல்லா தட்டுச்சு. காசு வுழுந்துச்சா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"அத்த நம்பியே குந்தினு இருக்க வாணாம். காரியம் முடிஞ்சதும் நீயும் கொயந்தயும் நம்ம வூட்டுக்கு வந்துடுங்க. குப்பம்மாவுக்கு கருவாடு காயப்போட ஆளு வோணும். கூடமாட ஒத்தாசையா இரு, வயித்துக்கு நான் போட்றேன். எந்தம்பி பொண்டாட்டிய தெருவுல வுடுவனா நானு?"

சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. அது வேஷம் இல்லை. பெரிய உடம்பு, பெரிய மனசு, அதற்குள் இம்மியளவும் புத்தி கிடையாது. இந்த மனிதரிடம் போய் எதைச் சொல்வது, சொன்னால் எந்த மண்டைக்குள் ஏறும் என்று நினைத்ததும் தயார் செய்த வாக்கியமே சப்பென்று போயிற்று. தன் அப்பாவாக இருந்தால் கட்டிப் பிடித்து அழுதிருப்பாள், எதிரியாக இருந்தால் காறித் துப்பியிருப்பாள். இரண்டுக்கும் தகுதியில்லாமல் ஒரு ஆள் எதிரே உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

"கல்மண்டபத்துலேந்து சித்தப்பா வூட்டு ஜனம் மத்தியானம் துக்கம் கேக்க வராங்கோ" என்றார் அவர். "பதினஞ்சு இருவது பேரு வருவாங்கோ. அவங்களையும் தட்டச் சொல்லவா?"

மோகனப்ரியா மெயிலை மூடினாள்.

"சொல்லுங்க மாமா" என்றாள்.

ராமதாஸ் திருப்தியாகத் தலையாட்டி, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைத் திறந்தார். தம்பியின் பக்கம் வந்தது. விளம்பரங்கள் இருந்த இடமெல்லாம் வெள்ளையாக இருந்தது.

"காலைலேந்து இப்டித்தான் வெள்ளயா கீது. டவர் இல்ல போல" என்று சொல்லிக்கொண்டே, அந்த வெள்ளையில் கட்டைவிரலை வைத்து நிதானமாக அழுத்தத் தொடங்கினார்.