மாட்டு உப்பு

திருவிழா வாரத்துக்கு முன்பே மந்தையிலுள்ள லாமாக்களின் காதில் சிவப்புக் கம்பளிக் குஞ்சம் கட்டிவிடுவது எங்கள் வழக்கம். இந்த வருடம் குஞ்சம் கட்டிய ஆறும் மூன்றே நாளில் செத்தன. கட்டாத இருபதும் பக்கத்திலேயே நின்று புல் மேய்ந்தன.

உடம்பில் காயமில்லை. நரி வந்த தடமும் இல்லை. சிவப்பைக் கண்டு மலைக்குப் பசி எடுத்துவிட்டது என்றான் என் கணவன் செவெரோ. அவனுக்குத் தும்மல் வந்தாலும் மலைதான் காரணம். ஆனால் இந்தமுறை நானும் சிரிக்கவில்லை. மலைக்குக் கொக்கா இலையும் சாராயமும் படைத்தோம். மிச்சமிருப்பவற்றுக்காவது தெம்பு வரட்டும் என்று உப்பை இரட்டிப்பாக்கினேன். மழையில் உப்பளத்துப் பாதை மூடியதால், ஆறு மாதமாகக் கீழ்நாட்டு மாட்டு உப்புதான். என் செல்ல லாமா பாங்கராவுக்கு மட்டும் உள்ளங்கையில் வைத்து ஊட்டுவேன்.

ஆறாவது செத்த அன்று கால்நடை மருத்துவர் நெல்யா வந்தாள். ஈரலை அறுத்துப் பார்த்தாள். பிறகு உப்பு மூட்டையில் அச்சடித்திருந்ததை வாசித்தாள்.

"அக்கா, இதுல தாமிரம் கலந்திருக்கு. மாடு தாங்கும், லாமா தாங்காது. மாசக்கணக்கா ஈரல்ல சேந்துக்கிட்டே இருக்கும், வெளிய ஒண்ணும் தெரியாது. மிரண்டு ஓடுற அன்னிக்கு, சேந்ததெல்லாம் ஒரேயடியா வேலையக் காட்டி லாமாவையே சாய்ச்சிடும். குஞ்சம் கட்ட எப்படிப் பிடிச்சீங்க?"

"கயிறு வீசித் தொரத்தித்தான்."

"அப்ப மலை தின்னலையா?" என்றான் செவெரோ.

நெல்யா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் உப்பு மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டினேன்.

நகரத்திலிருந்து மருந்து வரப் பத்து நாள் ஆகுமாம். அதுவரை எதுவும் மிரளக்கூடாது. நாயைத் தங்கை வீட்டுக்கு அனுப்பினோம். கதவில் துணி சுற்றினோம். அழக்கூட முடியவில்லை. "மெதுவா அழுடி" என்று கிசுகிசுத்தான் செவெரோ. திருவிழா மேளக்காரர்களின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, மலைக்கு அந்தப் பக்கமாகச் சுற்றிப் போகச் சொல்லிவிட்டு வந்தான்.

ஏழாம் நாள் காலை பாங்கரா என்னிடம் வந்தாள். மயிர் பளபளக்க, கண் தெளிவாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தாள். வெறும் உள்ளங்கையை நக்க ஆரம்பித்தாள். தள்ளிவிட்டால் மிரளுவாள் என்று கையை நீட்டியபடியே நின்றேன். பாவி, எவ்வளவு ஊட்டியிருக்கிறேன்.

அப்போது காற்று திரும்பியது. மலைக்கு அந்தப் பக்கத்து முரசு, காலடியில் அடிப்பதுபோலக் கேட்டது.

நாக்கு நின்றது. இருபது ஜோடிக் காதுகளும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தன. நான் கையை எடுக்கவில்லை.