காணாமல் போன ஏழு பூஜ்யங்கள்

மாமியாருக்கு வலி இல்லை. அதுதான் பிரச்சினை.

முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து, நடைப்பயிற்சிக்கென்று இந்த மருத்துவ விடுதிக்கு அவர் வந்து பன்னிரண்டு நாளாகிறது. இங்கே ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் ஒரு சின்னத் திரை உண்டு. தினமும் காலை எட்டு மணிக்கு அது, 'இன்று உங்கள் வலி எவ்வளவு?' என்று கேட்கும். கீழே பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்கள். முதல் ஐந்து நாள் மாமியார் ஆறு, ஐந்து, நான்கு என்று அழுத்தினார். ஆறாம் நாளிலிருந்து பூஜ்யம். அழுத்தியதும் திரை மரியாதையாக 'நன்றி' என்றும் சொன்னது. ஆனால் நர்ஸ் மேசைக்கு மேலே தொங்கிய பெரிய பலகையில், அவருடைய ஒன்பதாம் கட்டிலுக்கு நேரே, ஏழு நாளாக 'பதில் இல்லை', 'பதில் இல்லை' என்றே வந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, தினமும் அழுத்தச் சொல்றோம், மறந்துடறீங்களே" என்றார் நர்ஸ்.

"அழுத்தினேன்."

"அழுத்தினா பலகைல வருமேம்மா."

மாமியார் முப்பத்தோரு வருஷம் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். சொந்தத் தம்பியையே டிக்கெட் இல்லாமல் பிடித்து, அத்தனை பேருக்கு முன்னால் அபராதம் போட்டவர். தம்பி நாலு வருஷம் பேசவில்லை. அதற்காக அவர் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. அப்படிப்பட்ட ஆளைப் பார்த்து 'மறந்துடறீங்க' என்றால் என்ன ஆகும்? அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். அதையும் நர்ஸ் குறித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை டாக்டர் வந்தார். சின்ன வயது, நல்ல மனசு, நேரம்தான் இல்லை. பலகையைப் பார்த்தார். "ஏழு நாள் பதில் இல்லேன்னா ஞாபகசக்திப் பரிசோதனைக்கு அனுப்பணும்னு விதி. நாளைக்குக் காலைல பத்து மணிக்குப் பின்கட்டிடத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்க. ஒரு வாரம் அங்க வச்சுப் பார்ப்பாங்க" என்றார். வீட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால், கடைசி ஏழு நாள் பதில்களின் சராசரி மூன்றுக்குக் கீழே இருக்க வேண்டும். பதிலே இல்லாதபோது சராசரி எங்கிருந்து வரும்?

"என் மூளைக்கா பரிசோதனை?" என்று கேட்டார் மாமியார். குரல் உயரவில்லை. மகள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

மருமகன் அப்போது ஓரமாக நின்றிருந்தான். பூஜ்யம் அழுத்தினால் பதில் இல்லை. இந்தக் கூத்தை அவன் எங்கேயோ பார்த்திருக்கிறான். திரையின் மூலையில் இருந்த சின்னக் குறியைத் தொட்டு, 'இந்த மென்பொருளில் பயன்படுத்தப்பட்டவை' என்ற பட்டியலைத் திறந்தான். யாரும் படிக்காத பட்டியல். பதினேழாவது வரியில் இருந்தது: சில்லறை, இரண்டாம் வெர்ஷன். அதற்கடுத்து, பொடி எழுத்தில், அவன் பெயர்.

சில்லறை என்பது ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் அவன் எழுதிய லைப்ரரி. மற்ற நிரலர்கள் திரும்பத் திரும்ப எழுத அலுத்துக்கொள்ளும் சில்லறை வேலைகளை அது செய்து தரும். தேதியை ஒழுங்காக எழுதும், பட்டியலை வரிசைப்படுத்தும், இரண்டு தடவை வந்ததை ஒரு தடவையாக்கும். ஒன்பது வருஷமாக விடுமுறை நாளையெல்லாம் அதில் கொட்டி, இலவசமாகக் கொடுத்து வந்தான். எத்தனை ஆயிரம் பேர் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள் என்று அவனுக்கே தெரியாது. அதில் ஒரு ஃபங்ஷனுக்குச் 'சல்லடை' என்று பெயர் வைத்திருந்தான். ஒரு பட்டியலைக் கொடுத்தால் காலியான இடங்களை நீக்கிவிட்டு மீதியைத் தரும். ஜாவாஸ்கிரிப்டிலோ காலி, பொய், பூஜ்யம் மூன்றையும் ஒரே கண்ணால் பார்க்கிற பழக்கம் உண்டு. கவனமாக எழுதுகிறவன் பூஜ்யத்தைத் தனியே காப்பாற்ற வேண்டும். இவன் காப்பாற்றவில்லை.

அதாவது, மாமியார் ஏழு நாள் ஒழுங்காகச் சொன்ன பதிலை ஏழு நாளும் குப்பையில் போட்டது மருமகன்.

வீட்டுக்கு ஓடினான். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து, லைப்ரரிக்கு வந்த பழைய புகார்களைத் தேடினான். கிடைத்தது. ஆறு வருஷத்துக்கு முந்தையது. யாரோ ஒரு பள்ளி ஆசிரியர் எழுதியிருந்தார்: 'எங்கள் பள்ளி மாடியில் மழைமானி வைத்திருக்கிறோம். பிள்ளைகள் தினமும் அளந்து எழுதுகிறார்கள். உங்கள் சல்லடையில் போட்டால் மழை பெய்யாத நாளெல்லாம் காணாமல் போகிறது. பூஜ்யம் என்பதும் அளந்து சொன்ன விடைதானே?'

கீழே அவனுடைய பதில்: 'இது பிழை அல்ல. வேண்டுமென்றே வைத்தது. விளக்க ஆவணத்தைப் படித்துவிட்டு வரவும்.' புகாரை மூடியிருந்தான்.

இதில் இன்னொரு கேவலமும் உண்டு, அது அவனுக்கு மட்டுமே தெரியும். அந்தப் பதிலை எழுதியபோது ஆவணத்தில் அப்படி ஒரு வரியே கிடையாது. பதிலை எழுதிய பிறகுதான் போய்ச் சேர்த்தான். அன்றைக்கு ஏதோ எரிச்சல், யாரோ ஒருவருக்குத் தலைவணங்க மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

இப்போது திருத்த எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? நாலு நிமிஷம். ஒரே ஒரு வரி. மதியம் இரண்டு மணிக்கு அதை ஏழாம் வெர்ஷனாக வெளியிட்டுவிட்டு, விடுதித் திரைகளைச் செய்த நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு ஃபோன் போட்டான்.

"சார், நீங்க பேஷன்ட்டா?" என்று கேட்டது ஓர் இளம் குரல்.

"இல்ல."

"ஆஸ்பத்திரி ஸ்டாஃபா?"

"இல்லங்க. உங்க மென்பொருளுக்குள்ள ஒரு ஃபங்ஷன் இருக்கு. அதை எழுதினவன்."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "அப்படி ஒரு ஆப்ஷன் இங்க இல்லையே சார். 'மற்றவை'ன்னு போட்டுக்கறேன்."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் விளக்கினான். குரல் பொறுமையாகக் கேட்டது. பிறகு சொன்னது: "நாங்க ரெண்டாம் வெர்ஷன்லதான் சார் இருக்கோம். நீங்க திருத்தினது ஏழாம் வெர்ஷன்னு சொல்றீங்க. இது மருத்துவ மென்பொருள், சர்ட்டிஃபிகேட் வாங்கினது. ஒரு புள்ளி மாத்தினாலும் முழுசா மறுபடி சோதிக்கணும். அஞ்சு மாசம் ஆகும். ஆனா உங்க புகாரைச் சம்பந்தப்பட்டவங்களுக்கு இப்பவே அனுப்பிடறேன். அவங்க கண்டிப்பா பார்ப்பாங்க."

சம்பந்தப்பட்டவர்கள் கண்டிப்பாகப் பார்த்தார்கள். இருபது நிமிஷத்தில் அவனுடைய கணினி மணியடித்தது. சில்லறை லைப்ரரிக்கு ஒரு புதுப் புகார்: 'அவசரம். பூஜ்யம் காணாமல் போகிறது. ஒரு நோயாளி பாதிக்கப்பட்டிருக்கிறார். நாளைக்குள் சரிசெய்யவும்.'

அவன் அனுப்பிய புகார் ஊரெல்லாம் சுற்றிவிட்டு அவன் மடியிலேயே வந்து விழுந்திருந்தது. கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? எதிரே தண்ணீர்ச் சொம்பு மட்டும்தான் இருந்தது.

அதற்குள் வேறு மணிகள் அடிக்கத் தொடங்கின. புது வெர்ஷனை எடுத்துக்கொண்டவர்கள் வரிசைகட்டி வந்தார்கள். 'எங்கள் பக்கம் முழுக்கத் திடீரென்று பூஜ்யமாக வருகிறது. யாரைக் கேட்டு மாற்றினீர்கள்?' 'இத்தனை வருஷம் தப்பாக இருந்தது என்று இன்றைக்குத்தான் தெரிந்ததா?' ஒரு புண்ணியவான் அவனுடைய பழைய பதிலையே வெட்டி ஒட்டியிருந்தான்: 'வேண்டுமென்றே வைத்தது என்று நீங்கள்தானே எழுதினீர்கள்?'

மூக்கு நன்றாகவே உடைந்தது. ஒருத்தருக்கும் பதில் எழுதாமல் மடிக்கணினியை மூடினான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கே விடுதிக்குப் போய்விட்டான். எட்டு மணிக் கேள்வி திரையில் அப்படியே நின்றது. மாமியார் இன்னும் அழுத்தவில்லை. மனைவி துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கா, பின்கட்டிடத்துக்கா என்று தெரியாமலே மடித்தாள்.

"அத்தை, இன்னைக்கு மட்டும் ஒன்னுன்னு அழுத்துங்க" என்றான். "ஒரே ஒரு ஒன்னு போதும். பூஜ்யமெல்லாம் காணாம போனதால கணக்குல அது மட்டும்தான் இருக்கும். சராசரி ஒன்னுன்னு வந்துடும். உடனே வீட்டுக்குப் போயிடலாம்."

"வலிக்கலையே."

"தெரியும் அத்தை. ஆனா வலிக்கலைன்னா அதுக்குப் புரியாது. கொஞ்சம் வலிச்சாத்தான் குணமாயிட்டீங்கன்னு ஒத்துக்கும்."

"இதை எந்த மடையன் செஞ்சான்?"

மனைவி மடிப்பதை நிறுத்தினாள். அவளுக்கு முந்தின நாளே தெரியும். அவன் தரையைப் பார்த்தபடி, "நான்தான்" என்றான்.

மாமியார் அவனையே பார்த்தார். அந்தப் பார்வையில் எத்தனை பேர் டிக்கெட் எடுக்கவில்லை என்று தாமாகவே ஒப்புக்கொண்டிருப்பார்களோ.

"ஒருத்தரும் உங்ககிட்ட சொல்லலையா மாப்பிள்ளை?"

"சொன்னாங்க. ஆறு வருஷம் முன்னாடி."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒழுங்கா படிச்சுட்டு வாங்கன்னு சொன்னேன்."

"ம்" என்றார் மாமியார். திட்டியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒன்பதே முக்காலுக்கு டாக்டர் வந்தார். அவன் எழுந்து போய், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னான். தப்பு தன்னுடையது, அத்தை ஏழு நாளும் சரியாகத்தான் பதில் சொன்னார் என்றான். டாக்டர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார்.

"மாமியார் மேல பாசம். புரியுது சார். ஆனா பலகைல பதில் வராம வீட்டுக்கு அனுப்புற பொத்தானே எனக்குத் திறக்காது. நான் நினைச்சாலும் முடியாது" என்றார். பிறகு குனிந்து, குழந்தையிடம் பேசுவதுபோல மாமியாரிடம் கேட்டார்: "அம்மா, இன்னைக்கு என்ன கிழமைன்னு சொல்லுங்க பார்ப்போம்?"

அவனுக்கு ரத்தம் கொதித்தது. டாக்டர் மேல் அல்ல.

அதற்குள் வாசலில் சக்கர நாற்காலியோடு பணியாள் வந்து நின்றார். மாமியார் நாற்காலியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், தலை குனிந்து நின்ற மருமகனைப் பார்த்தார். திரையை மெல்ல அருகே இழுத்தார். விரல் பூஜ்யத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பக்கத்தில் நகர்ந்து ஒன்றை அழுத்தியது.

'நன்றி' என்றது திரை.

பலகையில் ஒன்பதாம் கட்டில் பச்சையானது. நர்ஸ் அங்கிருந்தே, "ஆ, இன்னைக்குக் கரெக்டா அழுத்திட்டாங்க!" என்று கைதட்டினார். டாக்டர் சிரித்தபடி கையெழுத்துப் போட்டார். பணியாள் காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

நீண்ட நடைகூடத்தில் மாமியார் கைத்தடியோடு தானே நடந்தார். மனைவி மருந்துச் சீட்டோடு முன்னால் போய்விட்டாள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். லிஃப்ட் முன்னால் அவர் நின்றார்.

"முப்பத்தோரு வருஷ வேலைல, அதுக்கப்புறமும், நான் இல்லாததை இருக்குன்னு சொன்னதில்ல மாப்பிள்ளை. இன்னைக்குச் சொல்லிட்டேன்."

"அத்தை…"

"அதை உங்க பட்டியல்ல சேர்த்துக்குங்க. காலின்னு எடுத்துடாதீங்க."

லிஃப்ட் வந்தது. அவர் முதலில் ஏறினார்.