பெயில் பாய்

"மாப்பிள்ளைய லேசா எண்ணிப்புடாதீங்க. பி.ஏ. பெயிலு!" என்றார் ஒலியுல்லா மாமு, பழனியில் பெண் வீட்டில் சம்பந்தம் பேசும் சபை நிறைந்திருக்கும்போது. திரைக்கு இந்தப் பக்கம் மணப்பெண் சுலைகாவோடு உட்கார்ந்திருந்தேன், மாப்பிள்ளையின் அக்காள் நான்.

அந்த மனுஷரை என்னவென்று சொல்ல! கொடைக்கானலிலிருந்து மலையிறங்கும் பஸ்ஸில் என் தம்பி கிபாயத்துல்லா, "அந்தப் பேச்சு மட்டும் வேணாம் மாமு" என்று கெஞ்சிக்கொண்டேதான் வந்தான். அடக்கத்தில் சொல்கிறான் என்று அவர் எடுத்துக்கொண்டார். எங்கள் பஜாரில் அது பட்டம். ஐம்பத்தெட்டாம் வருஷத்தில் காலேஜ் வாசலை மிதித்தவர் அங்கே எத்தனை பேர்? பக்கத்து மலைக்கிராமம் பூண்டியிலிருந்து பூண்டு மூட்டையோடு வரும் சம்சாரிகள்கூட, "பெயில் பாய் இருக்காங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் அவன் முகம் செத்துப்போகும். கேட்டவர் வாயிலேயே அந்தப் பூண்டைத் திணிக்கலாமா என்று எனக்கு ஆத்திரம் வரும். வந்த வரன் எல்லாம் தட்டிப்போய், கடைசியில் அமைந்த சம்பந்தம் இது. இதுவும் போனால் அவன் கல்யாணப் பேச்சையே எடுக்க விடமாட்டான்.

பெண்ணின் தாய்மாமன், வக்கீலிடம் குமாஸ்தா, சிரித்தார். "எந்தப் பாடத்துல தம்பி பெயிலு?"

மழுப்பிவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

"பரீச்சையே எழுதலைங்க. அத்தா மவுத்தாயிட்டாங்க. அடக்கம் முடிஞ்சதும் கடைக்கு ஆளில்ல, படிப்ப விட்டுட்டு வந்துட்டேன்."

"அப்ப பெயிலுகூட இல்லையா?" மாமு நிஜமாகவே பதறிப்போனார். பாவி மனுஷர்!

சம்பந்தம் முடிந்ததென்று மாப்பிள்ளை வாயில் போட எடுத்த சர்க்கரையை விரலிலேயே வைத்துக்கொண்டு, பெண்ணின் அத்தா சுல்தான் ராவுத்தர் கேட்டார். "பாஸுமில்ல, பெயிலுமில்ல. நாளைக்கு ஊர்ல கேட்டா மாப்பிள்ளைய என்னன்னு நான் சொல்ல?"

எனக்குக் கண்ணை முட்டிக்கொண்டு வந்தது. என் தம்பிக்கென்று ஒரு நல்ல வார்த்தைகூடவா இந்த ஊர் உலகத்தில் இல்லை?

"கிபாயத்துல்லான்னு சொல்லுங்கத்தா."

சொன்னது சுலைகா. திரை தாண்டிக் கேட்கும்படியே சொன்னாள். பெண்டுகள் "அல்லாவே!" என்று வாயைப் பொத்தினார்கள். நிக்காஹ் ஆகிவிட்டால் அந்தப் பேரை அவள் ஆயுசுக்கும் சொல்லப்போவதில்லை. எங்களில் எவளும் புருஷன் பேரை வாயால் சொன்னவள் இல்லை.

திரை இடுக்கில் பார்த்தேன். தம்பி தலையை நிமிர்த்தியிருந்தான். ராவுத்தர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரலிடுக்கிலிருந்து சர்க்கரை ஜமுக்காளத்தில் உதிர்ந்துகொண்டிருந்தது.