மீராசாவின் விரல்

நான் ஆதம்பாவாவின் மகன் கலீல். வயது இருபத்திரண்டு. குவைத்தில், துறைமுகத்துக்குப் பின்னாலுள்ள தொழிலாளர் காம்பில் நான்காம் அறையில் இருக்கிறேன். வலது கையில் கட்டு. அதனால் நான் சொல்லச் சொல்ல மருதமுனை அதாவுல்லா எழுதுகிறான். நாளை அவன் லீவில் ஊருக்கு வருகிறான். இதை நேரே என் மூத்த சகோதரி முனவ்வறா ராத்தாவின் கையில் தருவான்.

ராத்தா, நோன்புக்கு முன் வீட்டுக் கூரையின் ஓலைக் கிடுகைப் பிரித்து எரித்துவிட்டு ஓடு போடப் போவதாக எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கூரையில் கை வைப்பதற்கு முன் இதை முழுவதும் வாசியுங்கள்.

போன வருடம் பாண்டிருப்பு இளையதம்பி அண்ணன் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்த பெட்டி உங்களுக்கு நினைவிருக்கும். பித்தளை மூலை வைத்த மரப்பெட்டி. உள்ளே ஊதா வெல்வெட்டில் கை கால் எலும்பு அறுக்கும் ஒரு வாள், நீளக் கத்திகள், இரத்தத்தை நிறுத்த இறுக்கும் பித்தளைத் திருகு. இளையதம்பி அண்ணனின் பூட்டன் வெள்ளைக்காரன் காலத்தில் அப்போதிக்கரியாக, ஆஸ்பத்திரி வைத்தியராக, இருந்தவராம்.

"வீட்டில வெச்சா புள்ளையள் பயந்து நடுங்குதுகள்," என்றார் அவர். "கபூர் நாநா, நீங்க எடுத்திட்டா நான் நிம்மதியாப் படுப்பன்."

"அப்ப நான் படுக்காமக் கிடக்கவா?" என்று, பழஞ்சாமான் கடை வைத்திருக்கும் உங்கள் கணவர், மச்சான் அப்துல் கபூர் சிரித்தார். ஆனாலும் வாங்கினார். அறுகம்பேயில் தங்கியிருந்த வெள்ளைக்கார டொக்டர் ஒருவர் இப்படிப்பட்ட சாமான்களைத் தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் வருவதாக இருந்தது. அன்று பின்னேரம் அந்த வாளின் பற்களுக்கிடையில் கறுப்பாக ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். இரத்தம். இரத்தம் நஜீஸ், அசுத்தம்தானே, அசறு தொழுகைக்குக் கைகால் கழுவி உளு எடுத்துவிட்டு இதை எப்படித் தொடுவது? வீட்டுக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்ப் புளியும் சாம்பலும் போட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். வெள்ளிபோல மின்னியது. வெல்வெட்டையும் அலசலாம் என்று தூக்கியபோது அடியில் ஒரு கடதாசி மடிப்பு. உள்ளே ஒரு விரலின் எலும்பு. மூன்று துண்டுகள்.

கடதாசியில் மையால் எழுதியிருந்தது: "கல்முனைக்குடி மீராசா. 1868."

அடுத்த நாள் டொக்டர் கடைக்கு வந்து பெட்டியைத் திறந்தார். ஒரு கத்தியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முகம் விழுந்துவிட்டது. மச்சானிடம் ஏதோ சொன்னார். மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னடா செஞ்சி வெச்சிரிக்காய்?"

"நஜீஸ் எண்டு கழுவின நான், மச்சான்."

"கழுவினியா? அந்தக் கறைக்குத்தான்டா அவர் காசி தாற. புடி கருங்காலியாம். கிருமி எண்டா என்னெண்டு தெரியாத காலத்துச் சாமானாம். பொறகு வந்ததெல்லாம் கொதிதண்ணியில அவிக்கிறத்துக்கு முழுக்க இரும்பாலயே செஞ்சானாம். இது பாவிச்ச சாமான் எண்டு காட்ட இப்ப ஒண்டுமில்லையாம். பாதி வெலதான் தருவாராம்."

அந்தப் பாதி என் ஏஜென்சிக் காசுக்குப் போதாது. விசா வந்து கிடந்தது. நான் வீட்டுக்கு ஓடிப்போய்க் கடதாசியை மட்டும் எடுத்துவந்து கொடுத்தேன். மச்சான் வாசித்துச் சொல்ல, டொக்டரின் கண் விரிந்தது. இந்தக் கடதாசிக்குள் ஏதாவது இருந்ததா என்று கேட்டார்.

"இல்ல," என்றேன்.

முழு விலையும் கொடுத்தார். "ஒரு கடதாசித் துண்டுக்கா இவ்வளவு?" என்று மச்சான் அன்றெல்லாம் அதிசயப்பட்டார். அவருக்கு எலும்பைப் பற்றித் தெரியாது. அவரைக் கோபிக்காதீர்கள்.

எலும்பை அடக்கத்தான் நினைத்தேன், ராத்தா. மனிதனின் விரல் என்றாலும் மண்ணுக்குள் போகவேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் மையத்தை அடக்குகிற மையவாடிக்குக் கொண்டுபோனால் பள்ளி லெவ்வை யாருடையது என்று கேட்பார். பெயரை வெள்ளைக்காரனுக்கு விற்றுவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? எட்டாம் நாள் பிளேன். வாப்பாவின் மூக்குத்தூள் டப்பியில் போட்டு, நடுத்தூண் கப்புக்கு நேர் மேலே, முகட்டு வளைமரத்துக்கும் கிடுகுக்கும் இடையில் செருகிவிட்டு வந்தேன்.

இங்கே வெயில் நேரம் இரண்டு மணித்தியாலம் படுக்க விடுவார்கள். வந்த முதல் மாதத்திலிருந்து அந்த நேரத்தில் என் கால்மாட்டில் ஒருவர் வந்து உட்காருகிறார். முகம் தெரிவதில்லை. என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. கையை மடியில் விரித்துவைத்து விரல்களை எண்ணுகிறார். நான்கு வரை எண்ணிவிட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குகிறார்.

அதாவுல்லா பேனையை வைத்துவிட்டான். "டேய், இதையும் எழுதவா? உன்ட ராத்தா பயப்புடுவா."

"எழுது."

"நான் உன்ட கட்டிலுக்குப் பக்கத்திலதான் படுக்கன். எனக்கு ஒருத்தரும் வாறல்லயே."

"நீ ஒண்டும் விக்கல்லயேடா."

அவன் பேனையை மறுபடி எடுத்தான்.

போன செவ்வாய்க்கிழமை கல் அறுக்கும் மெசினில் என் நடுவிரல் நசுங்கியது. சனிக்கிழமை எடுத்துவிடுவார்கள். வலிக்கிறது, ஆனால் அதற்காக நான் அழவில்லை. எடுத்த விரலை என்ன செய்வீர்கள் என்று ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் மலையாளியிடம் கேட்டேன். "அது உனக்கு எதுக்கு?" என்றான். அந்த நிமிடம்தான் கால்மாட்டில் இருப்பவர் யார் என்பது எனக்கு முழுதாக விளங்கியது. நூறு வருடத்துக்கு மேலாக அவரும் வாய் திறக்காமல் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய பெயர் இருந்த ஒரே கடதாசியையும் நான் கடல் தாண்டி அனுப்பிவிட்டேன். இப்போது அந்தப் பெயர் என் வாயில் மட்டுந்தான் இருக்கிறது. கிடுகோடு எலும்பும் எரிந்துபோனால் அவரை எங்கே தேடுவது?

என் விரலை நான் இங்கே கேட்டு வாங்கி அடக்குவேன். இங்குள்ள அதாவுல்லாவின் அண்ணன் முறைக் காக்கா ஒருவர் இடம் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

ராத்தா, அல்லது இதை வாசிக்கிறவர் யாராக இருந்தாலும், கூரையைப் பிரிப்பதற்கு முன் ஏணி வைத்து அந்த டப்பியை எடுங்கள். மூன்று துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். கழுவி, வெள்ளைத் துணியில் சுற்றி, மையவாடியில் அடக்குங்கள். யாருடையது என்று லெவ்வை கேட்டால், கல்முனைக்குடி மீராசாவுடையது என்று சொல்லுங்கள்.