கணக்கில் சேராத நடை

காலை வகுப்பு ஆறரைக்கு. பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சாதாரண தரக் கணிதம். யாரும் கேட்காமல் லோரன்ஸே ஆரம்பித்தது. பிள்ளைகள் மேல் என்ன அக்கறை என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள். அக்கறை இல்லாமல் இல்லை. ஆனால் மனைவி தினுஷா விட்டுப்போன பிறகு விடியற்காலையில் அந்த வீட்டுக்குள் இருக்க அவனால் முடியவில்லை. கண்டி டவுனுக்கு வந்து, வகுப்பைத் திறந்து, கையில் சோக்கை எடுத்துவிட்டால் அன்றைய பொழுது எப்படியோ நகர்ந்துவிடும்.

அன்று தரவுகளை வரைபாக்கும் பாடம். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வர எத்தனை நிமிடம் என்று ஒவ்வொருவரும் முதல் நாளே எழுதிக் கொடுத்திருந்தார்கள். முன்வரிசை இப்ஹாம் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக் கரும்பலகையில் செங்குத்துச் சட்டங்கள் வரைந்தான். நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் தணிந்து, புத்தகத்தில் வருவது போலவே அழகாக வந்தது.

பிரதி அதிபர் பொன்னுத்துரை வாசலில் வந்து நின்றார்.

"சராசரி என்ன, லோரன்ஸ்?"

"முப்பத்தஞ்சு நிமிசம், சேர்."

"அப்ப பிந்தி வாறதுக்கு ஒரு நியாயமும் இல்லை. அந்தத் தெல்தெனியப் பிள்ளையின்ர பேரை இண்டைக்கு வெட்டிவிடும். மற்றப் பிள்ளையளும் பழகிப்போகுங்கள்."

லோரன்ஸ் தலையசைத்தான். மறுத்துப் பேசவும் தெம்பு வேண்டும். கணிதத்தில் ஏற்கெனவே ஒருமுறை சறுக்கிய பிள்ளை. இந்த வகுப்பும் இல்லையென்றால் பரீட்சையை மறந்துவிட வேண்டியதுதான்.

அப்போதுதான் அந்தத் தெல்தெனியப் பிள்ளை சுகிர்தா வந்தாள். சப்பாத்தெல்லாம் செம்மண்.

"வீட்டுலருந்து அம்பது நிமிசம்னு நீதானே எழுதின?" என்றான் லோரன்ஸ்.

"ஆமா சேர். அம்பதுதான்."

"அப்புறம் ஏன் தெனமும் பிந்துது?"

"மொத பஸ்லதான் சேர் வாறேன். தோட்டத்து லயத்துலருந்து ரோட்டுக்கு எறங்கவே ஒரு மணித்தியாலம் ஆகுது. மழைன்னா அட்டைக்கடி வேற."

"அத ஏன் எழுதல?"

சுகிர்தா அவனைப் புரியாமல் பார்த்தாள். "நடைய யாரு சேர் கணக்குல எடுப்பா? பஸ்ல ஏறுனாத்தானே பயணம்."

"அப்ப நீ நடக்குறது சும்மாவா புள்ள?" என்றான் இப்ஹாம். "என்ட வாப்பா அக்குறணையிலருந்து பைக்குல கொண்டாந்து விடுறாரு. நான் வீட்டுல சப்பாத்துப் போடுற நேரத்தையும் சேர்த்தில்ல எழுதினேன்!"

வகுப்பு சிரித்தது. சுகிர்தாவும் சிரித்தாள். லோரன்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை.

"வேற யாரெல்லாம் நடைய விட்டீங்க?"

பின்வரிசையில் கணேஸ் கையைத் தூக்கினான். பிறகு ஜெயராணி. பிறகு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருமே.

"அழி, இப்ஹாம். திரும்ப வரைவோம்."

இந்த முறை அழகாக வரவில்லை. இடது பக்கம் ஒரு குவியல், வலது கோடியில் ஒரு குவியல், நடுவில் வெறுமை. சராசரியைக் கணக்கிட்டு, அது விழுந்த இடத்தில் இப்ஹாம் விரலை வைத்தான்.

"சேர், இந்த எடத்துல ஒருத்தருமே இல்லையே."

"இல்லதான். ஒருத்தருக்கும் பொருந்தாத சராசரி அது."

பொன்னுத்துரை கண்ணாடியைச் சரிசெய்து பலகையைப் பார்த்தார். "ஓம், விளங்குது. ஆனா நேரத்தை மாத்தப்போறீரோ? நீர்தானே காலமைதான் வேணும் எண்டு நிண்டனீர்."

பேரை வெட்டிவிட்டால் ஆறரை அப்படியே இருக்கும். ஒருவரும் எதுவும் கேட்கப்போவதில்லை. லோரன்ஸ் அந்த வலது கோடிக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பள்ளிக்கூடம் விட்டதும் வைக்கிறேன், சேர்."

"அப்படின்னா அடுத்த பஸ்ல வரலாம் சேர்," என்றாள் சுகிர்தா. "விடிஞ்ச பெறகு எறங்கினாப் போதும். பொழுதுபட முன்ன வீட்டுக்கும் போயிரலாம்."

"அல்ஹம்துலில்லாஹ்! நாளைக்கு சுபஹு தொழுதுட்டுத் திரும்பப் படுக்கலாம்," என்றான் இப்ஹாம்.

மறுநாள் இருட்டோடு லோரன்ஸுக்கு விழிப்பு வந்துவிட்டது. முகம் கழுவி, சட்டையைப் போட்டு, பொத்தானும் பூட்டிய பிறகுதான் காலை வகுப்பு இல்லை என்பது ஞாபகம் வந்தது. சட்டையைக் கழற்றவில்லை. சாப்பாட்டு மேசைக் கதிரைகளில் ஒன்றை இழுத்து உட்கார்ந்தான். எதிரே இருந்த தினுஷாவின் கதிரையை எடுத்து அப்பால் வைக்கலாமா என்று யோசித்தான். வைக்கவில்லை. விடிய இன்னும் நேரம் கிடந்தது.