வீட்டுக்கே வரும் கார்டு

போன மழைக்காலத்தில் புருஷன் எவெனோர் அவள் கையை முறித்த பிறகு, நுபியா செலெடோன் ஒரே ஒரு பையோடு எஸ்தெலியிலிருந்து தலைநகர் மனாகுவாவுக்கு ஓடி வந்தாள். எங்கே போனாலும் தேடிப் பிடிப்பேன் என்று அவன் சொல்லியிருந்தான். கத்திச் சொல்லவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னான். அதனால் அவள் இருக்குமிடம் கூடப் பிறந்தவளுக்குக்கூடத் தெரியாது. ஃபோன் நம்பரை மாற்றினாள், வேறு தையல் ஆலையில் சேர்ந்தாள், டோன்யா மெல்பா என்ற அம்மாளின் வீட்டில் பின்கட்டு அறையொன்றை வாடகைக்கு எடுத்தாள். மாற்றாமல் விட்டது பேங்கு ஒன்றைத்தான். சம்பளம் ஒழுங்காக வந்து விழுகிற கணக்கை யார் மாற்றுவார்கள்?

அந்த பேங்கிலிருந்துதான் ஒரு பெண் ஆலை ஆபீஸ் ஃபோனில் அவளைக் கூப்பிட்டாள். கிரெடிட் கார்டு தயாராம், கிளைக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் வீட்டுக்கே அனுப்புவார்களாம்.

கிளைக்குப் போவதென்றால் அரை நாள் லீவு கேட்க வேண்டும். மேஸ்திரி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டுவான். நுபியா யோசித்தாள். வழியில் எவனாவது கார்டைக் களவாடிவிட்டால்?

"வேற யார் கையிலயும் குடுத்துர மாட்டாங்களே?" என்று கேட்டாள்.

"மாட்டாங்க மேடம். உங்க அடையாள அட்டையைப் பாத்து, கையெழுத்து வாங்கிட்டுத்தான் குடுப்பாங்க. நீங்க இருந்த இடத்துலயே இருக்கலாம், சௌகரியம்."

சரி என்று சொல்லிப் புது நம்பரையும் புது விலாசத்தையும் கொடுத்தாள். பழைய சிமெண்டுக் குடோன் இருந்த இடத்திலிருந்து ஏரிப் பக்கம் இரண்டு தெரு, மேலே, அதாவது கிழக்கே, அரைத் தெரு, கறுப்பு கேட். அந்தக் குடோன் நிலநடுக்கத்தில் தரைமட்டமாகி எத்தனையோ வருஷமாகிறது. இருந்தாலென்ன, எங்கள் ஊரில் இடிந்துபோன கட்டடத்தை வைத்துத்தான் இருக்கிற வீட்டைக் கண்டுபிடிப்போம். வெளியூர்க்காரன் வந்தால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். நுபியாவுக்கு அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது.

"கார்டு வீடு தேடி வருதா? திருட்டுப் பயலுகளுக்கு வெத்தல பாக்கு வச்ச மாதிரிதான்" என்றாள் டோன்யா மெல்பா. "வந்தவனை நம்பி வாயைப் பொளந்துட்டு நிக்காத புள்ள. பின் நம்பரைக் கேட்டா செருப்பைக் கழட்டு."

சனிக்கிழமை ஆலை விட்டு வந்து அவள் பீன்ஸ் சோற்றில் கை வைத்த நேரம், கேட்டுக்கு வெளியே ஒரு சிவப்பு பைக் வந்து நின்றது. நுபியா கையைக் கழுவிக்கொண்டு போனாள். கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கமே நின்று அந்தப் பையனின் அடையாள அட்டையை வாங்கிப் பெயரைப் படித்தாள். நோர்வின். படத்தையும் முகத்தையும் இரண்டு தடவை ஒத்துப் பார்த்தாள். உறையை வாங்கி, ஒட்டிய இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பிரித்த தடம் இல்லை. பின் நம்பரை அவன் கேட்கவுமில்லை.

"என்ன மேடம், கஸ்டம்ஸ்ல வேல பாத்தீங்களா?" என்று சிரித்தான்.

அவளும் சிரித்துவிட்டாள். பரவாயில்லையே, நானும் விவரமான ஆள்தான் என்று மனதுக்குள் ஒரு சின்னப் பெருமை. கம்பி வழியாகவே கையெழுத்துப் போட்டாள்.

"காலையில உங்க நம்பருக்கு நாலஞ்சு தடவை அடிச்சேன், எடுக்கவே இல்ல" என்றான் நோர்வின்.

"ஆலையில ஃபோனை வாங்கிப் பூட்டி வச்சுருவாங்க தம்பி. இந்த மூலையை எப்படிக் கண்டுபிடிச்ச?"

"அதான், எனக்கு இந்தப் பக்கம் பழக்கமில்ல. சரின்னு இன்னொரு நம்பருக்கு அடிச்சேன். உங்க வீட்டுக்காரர் எடுத்தாரு. தங்கமான மனுசன். விலாசத்தைப் படி தம்பி, நான் வழி சொல்றேன்னாரு. படிச்சேன்."

நுபியா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கணக்கு தொடங்கிய நாளில் எவெனோர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவசரத்துக்கு என் நம்பரையும் போட்டுக்குங்க என்று சொன்னது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. விலாசம் மாற்றினாள், நம்பர் மாற்றினாள். அந்த இன்னொரு நம்பரைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

"அவரு என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

"மத்தியானத்துக்கு மேல போ, அப்பத்தான் வீட்டுல இருப்பான்னாரு. தெரு முனைக்கு வந்ததும் ஒரு போன் பண்ணு, கார்டு பத்திரமா சேர்ந்துச்சான்னு தெரியணும்னாரு."

"பண்ணுனியா?"

"பண்ணுனேனே. ஏன் மேடம், முகமெல்லாம் வெளுத்துப் போச்சு?"

டோன்யா மெல்பா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள். பேச்சு அத்தனையும் அவள் காதில் விழுந்திருந்தது. "அடப்பாவி, இவ கையை முறிச்சவன்கிட்டயா வழி கேட்ட?" என்று நோர்வினைப் பார்த்துச் சொன்னாள். அதே நேரம் அவன் ஃபோன் அடித்தது. திரையைப் பார்த்தான், நுபியாவைப் பார்த்தான்.

"இல்லன்னு சொல்லு தம்பி. உன் காலைப் பிடிக்கிறேன்" என்றாள் அவள்.

பையன் நல்லவன், பாவம். எடுத்தான். "இல்லீங்க சார், வீடு கிடைக்கல. கார்டைத் திருப்பி ஆபீசுக்கே எடுத்துட்டுப் போறேன்."

எதிர்முனையில் எவெனோர் பேசியது மூன்று பேருக்கும் கேட்டது. அவசரமே இல்லாத குரல்.

"அப்படியா தம்பி. அப்ப அந்த சிவப்பு பைக் யாரோடது?"

நோர்வின் திரும்பிப் பார்த்தான். தெருக் கோடியில், சட்டையைக் கால்சட்டைக்குள் நேர்த்தியாகச் செருகிய ஒருவன் ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தான். டோன்யா மெல்பா ஒரு நொடி கேட்டைத் திறந்து, பையனைக் காலரோடு உள்ளே இழுத்து, பூட்டை அடித்து மாட்டினாள். பைக் வெளியிலேயே நின்றது.

எவெனோர் கேட்டுக்கு முன்னால் வந்து தொப்பியைக் கழற்றினான். கம்பியைத் தொடவில்லை, குரலை உயர்த்தவுமில்லை. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தபோது அவளுக்கும் மரியாதையாக வணக்கம் சொன்னான்.

"கார்டு பத்திரமா வந்துருச்சா நுபியா? நல்லது. இனி விலாசத்தை மாத்தாதே, பேங்குக்காரங்களுக்கு வீண் அலைச்சல்."

டோன்யா மெல்பா உள்ளே போய்ப் போலீசுக்கு ஃபோன் போட்டாள். புருஷன் பெண்டாட்டி விவகாரமா, அடித்தானா, இன்னும் இல்லையா என்று அங்கே ஒருவன் விசாரித்துக்கொண்டிருந்தான். எவெனோர் எதிர்த்த நடைபாதையைக் கைக்குட்டையால் தட்டி உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டான்.

"நீ சாப்பிட்டுட்டே வா" என்றான். "நான் இருக்கேன்."