ஊசி போடாத ஃபிளாட்ஸ்

கொழும்பில் அந்தக் காய்ச்சல் தொடங்கியபோது நாகேந்திரத்தார் ஒரு மகஜர் எழுதினார். மற்றப் பகுதிகளில் எல்லாம் தடுப்பூசி போடுகிறார்கள், வெள்ளவத்தைத் தமிழனுக்கு மட்டும் ஊசி இல்லை, இது திட்டமிட்ட புறக்கணிப்பு என்பது அதன் சாரம். கொஞ்ச நாளில் ஊசி வான் வெள்ளவத்தைக்கும் வந்து சேர்ந்தது. உடனே இரண்டாவது மகஜர் எழுதினார். தமிழனை வைத்து மருந்தைப் பரிசோதித்துப் பார்க்கிறார்கள், இது திட்டமிட்ட சதி என்பது இதன் சாரம். இரண்டையும் ஒரே தட்டச்சு இயந்திரத்தில், ஒரே ஆவேசத்தோடு அடித்தார். கல்வித் திணைக்களத்தில் பிரதம லிகிதராக இருந்து இளைப்பாறிய மனிதர். எழுதாமல் இருந்தால் அவருக்குக் கை நடுங்கும்.

வடக்கே சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கொழும்பில் குண்டு எங்கே வெடிக்கும் என்று சனம் பயந்து கிடந்த வேளையில், துறைமுகத்துத் தொழிலாளர் சிலருக்குக் காய்ச்சல் வந்து, அது மூளைக்கு ஏறி, இரண்டு மூன்று பேர் செத்துப்போனார்கள். பத்திரிகைகள் அதற்கு வாயில் நுழையாத பெயரொன்றை வைத்தன. சனம் துறைமுகக் காய்ச்சல் என்றது. குண்டுக்கு ஊசி இல்லை, காய்ச்சலுக்காவது இருக்கிறதே என்று யாராவது ஆறுதல் பட்டிருக்கலாம். எங்கள் ஆட்கள் அப்படியெல்லாம் லேசில் ஆறுதல் படுகிறவர்கள் இல்லை.

கடற்கரைப் பக்கம் இறங்கும் லேன் ஒன்றில் இருந்த அந்த நாலு மாடிக் கட்டடத்தின் நலன்புரிச் சங்கத்துக்கு நாகேந்திரத்தார் தலைவர். செயலாளர் சண்முகலிங்கம், இளைப்பாறிய நில அளவையாளர். ஊசி பற்றிப் பேச சுகாதாரப் பரிசோதகர் வந்த அன்று, வாகனம் நிறுத்துகிற இடத்தில் கதிரை போட்டுக் கூட்டம் வைத்தார்கள். பரிசோதகர் நல்ல மனிதர். சிங்களத்தில் பணிவாக விளக்கினார். எல்லாரும் போட்டுக்கொண்டால் அட்டை தருவோம், ஒருவர் தவறினாலும் கட்டடத்துக்கு அறிவித்தல் ஒட்டவேண்டி வரும், அது சட்டம் என்றார்.

சண்முகலிங்கம் எழும்பினார்.

"உந்த ஊசி போட்டால் ஆம்பிளையளுக்குப் பிள்ளை பிறக்காதாம். எனக்கு நம்பத்தகுந்த இடத்திலயிருந்து வந்த தகவல். நான் போடமாட்டன்."

அவருக்குப் பேரப்பிள்ளைகள் கனடாவில் பள்ளிக்கூடம் போகிறார்கள். இந்த வயதில் அவர் எந்தத் திட்டத்தை மனதில் வைத்திருந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கை தட்டினார்கள். நாகேந்திரத்தார் ஆங்கிலத்தில் முடிவுரை நிகழ்த்தினார். தன் உடம்பில் என்ன ஏற வேண்டும் என்று தீர்மானிப்பது மனிதனின் பிறப்புரிமை என்றார். அதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்ததை அவரே ரசித்தார்.

கொட்டாஞ்சேனையிலிருந்து கிளறன்ஸ் தொலைபேசி எடுத்தார். திணைக்களத்தில் பக்கத்து மேசைக்காரர், பழைய சிநேகிதர்.

"நாங்க போட்டாச்சு மச்சான். கோயில் ஹோல்லதான் போட்டாங்க. பூசை முடிஞ்சு ஃபாதர் சொன்னார், வரிசையில நிண்டம், போட்டம், வீட்ட வந்து சாப்பிட்டம்."

"கேள்வி ஒண்டும் கேக்கேல்லையோ?"

"கேட்டன். வலிக்குமா எண்டு கேட்டன். கொஞ்சம் வலிச்சது."

நாகேந்திரத்தாருக்குக் கிளறன்ஸை நினைக்கப் பரிதாபமாக இருந்தது. அரசியல் அறிவே இல்லாத மனிதன்.

சொன்னபடியே வாசல் படலையில் மஞ்சள் அறிவித்தல் ஒட்டப்பட்டது. இங்கே ஊசி போடப்படவில்லை, உள்ளே போகாதீர்கள் என்று எழுதியிருந்தது, சிங்களத்தில் மட்டும். சங்கம் கொதித்தெழுந்தது. தமிழர் வாழும் கட்டடத்தைத் தமிழில் அவமானப்படுத்தாமல் சிங்களத்தில் அவமானப்படுத்துவதா? மூன்றாவது மகஜர் போயிற்று. அதிசயமாக அதற்குப் பலன் கிடைத்தது. தமிழிலும் ஒன்று கொண்டுவந்து ஒட்டினார்கள். மொழி உரிமையில் கிடைத்த வெற்றி என்று சண்முகலிங்கம் அதன் முன்னால் நின்று படம் பிடித்துக் கனடாவுக்கு அனுப்பினார்.

இதுவரைக்கும் எல்லாம் பொழுதுபோக்குத்தான். உண்மையான விஷயம் ஒரு விடியற்காலையில் நடந்தது.

நாகேந்திரத்தாருக்கும் சிவக்கொழுந்துக்கும் ஒரே பிள்ளை, வாகீசன். கணக்காளர் படிப்புக்கு பம்பலப்பிட்டியில் வகுப்புக்குப் போய்வருகிறவன். போன வருடம் படையினரின் ஒரு சுற்றிவளைப்பில் அவனைப் பிடித்துக்கொண்டு போய் இரண்டு நாள் வைத்திருந்து விட்டார்கள். திரும்பி வந்த பிள்ளை என்ன நடந்ததென்று சொல்லவில்லை. முதுகைக் காட்டாமல் சட்டை மாற்றப் பழகிக்கொண்டான். அன்றிலிருந்து அவன் வகுப்புக்குப் போனால் திரும்பும்வரை தாய் பால்கனியில் நிற்பாள். தகப்பன் பத்திரிகையை விரித்துவைத்துக்கொண்டு ஒரு வரியும் வாசிக்காமல் இருப்பார். அந்த வீட்டில் மற்றதெல்லாம் பேச்சு. இது ஒன்றுதான் பயம்.

அந்த விடியலில் மறுபடியும் லேனைச் சுற்றி வளைத்தார்கள். பக்கத்து லொட்ஜ் காலி. எதிர் ஃபிளாட்ஸ் காலி. இளம் பெடியங்களையெல்லாம் பஸ்ஸில் ஏற்றினார்கள். சிவக்கொழுந்து மகனின் அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் கையில் பிடித்தபடி விறைத்துப்போய் நின்றாள். படலைக்கு வந்த அதிகாரி மஞ்சள் அறிவித்தலை வாசித்தார். கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்தினார். இரண்டு எட்டுப் பின்னால் வைத்தார். பிறகு தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டார்.

பஸ் போன சத்தம் ஓய்ந்ததும் சிவக்கொழுந்து நிலத்தில் குந்தி அழுதாள். நாகேந்திரத்தார் வாழ்க்கையில் முதல் தடவையாக அரசாங்க அறிவித்தல் ஒன்றைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அதற்குப் பிறகு ஊசி எதிர்ப்பு கொள்கையாக இருக்கவில்லை, சமயமாகிவிட்டது. சுற்றுவட்டாரத்துத் தாய்மார் பெடியங்களைக் கொண்டுவந்து அந்த ஃபிளாட்ஸில் உறவினர் வீடுகளில் விட்டார்கள். உறவு இல்லாதவர்கள் உறவு கண்டுபிடித்தார்கள். மழையில் அறிவித்தலின் எழுத்து மங்கியபோது சண்முகலிங்கம் தூரிகை வாங்கி, நில அளவையாளரின் திருத்தமான கையெழுத்தில் இரு மொழியிலும் மீண்டும் எழுதினார். லேன் முகப்பில், காலி வீதி என்ற பெருந்தெருவில் ஏறும் இடத்தில் இருந்த செக்பொயின்ரில் இன்னொரு வித்தையும் கண்டுபிடிக்கப்பட்டது. சிப்பாய் கிட்ட வரும்போது ஒரு இருமல். இரண்டாவது இருமலுக்கு அவன் தூர நின்றே "யன்ன, யன்ன" என்று போகச் சொல்லிக் கையை வீசுவான். உடம்பைத் தடவிப் பார்க்கிற பேச்சே இல்லை. தாய்மார் பிள்ளைகளை வழியனுப்பும்போது விபூதி பூசிவிட்டு, "ஒருக்கா இருமிக் காட்டு, பாப்பம்" என்றார்கள்.

சிவக்கொழுந்துக்கு மட்டும் ஒரு கணக்கு இடித்தது.

"இஞ்சருங்கோ, காய்ச்சல் நிசமான காய்ச்சல் தானே? பெட்டிஷன் பாத்து விலத்திப் போகுமோ? இவனை ஒருக்காக் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. கிளறன்ஸண்ணை ஒழுங்குபடுத்துவார். ஊசியைப் போட்டுட்டு அட்டையைக் கிழிச்செறிஞ்சால் ஆருக்குத் தெரியப்போகுது?"

அதில் ஒரு பிழையும் இல்லை என்று நாகேந்திரத்தாருக்குத் தெரிந்தது. அதனால்தான் அவருக்குக் கோபம் வந்தது.

"தலைவற்றை மகன் களவாய்ப் போய் ஊசி போட்டவன் எண்டு சனம் கதைச்சால் நான் எந்த முகத்தோட கூட்டத்தில இருக்கிறது?"

"முகத்தை விடுங்கோ. பிள்ளையைப் பாருங்கோ."

"சரி, வாற கிழமை பாப்பம்."

வாற கிழமை என்பது வந்துகொண்டே இருந்தது. கிளறன்ஸும் இரண்டொரு தரம் தொலைபேசியில் ஞாபகப்படுத்தினார். நாகேந்திரத்தாருக்கு அப்போதெல்லாம் ஒரு முக்கியமான கூட்டம் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை வாகீசன் எழும்பவில்லை. மத்தியானம் ஆனதும் உடம்பு கொதித்தது. கழுத்தை மடக்க முடியவில்லை. தாயைப் பார்த்து யாரோ டீச்சரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். சிவக்கொழுந்து புருசனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் தேடினார். முச்சக்கரவண்டிகள் படலைவரை வந்தன. சாரதிமார் அறிவித்தலை வாசித்தார்கள். சண்முகலிங்கம் மங்காமல் எழுதியிருந்தபடியால் கண்ணாடி போடாதவனுக்கும் தெரிந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். உதவிக்கு மேல்மாடிக்கு ஓடிச் சண்முகலிங்கத்தின் கதவைத் தட்டினார் நாகேந்திரத்தார்.

"என்ன, மெய்யான காய்ச்சலோ?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஓம் சண்முகலிங்கம். ஒரு கை பிடியுங்கோ, கீழ இறக்கவேணும்."

கதவு திறக்கவில்லை. உள்ளே தொலைபேசி சுழற்றும் சத்தம் கேட்டது. ஊசி வான் ஏன் இன்னும் எங்கள் ஃபிளாட்ஸுக்கு வரவில்லை, தமிழன் என்றபடியால் இந்தப் புறக்கணிப்போ என்று செயலாளர் ஆங்கிலத்தில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். அது தன்னுடைய முதல் மகஜரின் வசனம் என்பது நாகேந்திரத்தாருக்கு விளங்கியது. நின்று கேட்க நேரமில்லை. ஒவ்வொரு மாடியாக இறங்கும்போது, இத்தனை நாளும் தன் பேச்சுக்குக் கை தட்டிய வீடுகளின் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தப்படுவதைப் பார்த்தார்.

லேனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தாஸிம்தான் வானைக் கொண்டுவந்தார். மாளிகாவத்தைக்காரர். கேட்காமலே உள்ளே வந்து பெடியனின் கால்மாட்டைப் பிடித்தார்.

"நீங்க பயப்புடாதீங்க சேர். நான் ஊசி போட்டவன் தானே. களுபோவிலை ஆஸ்பத்திரிக்கு விட்டா கால் மணித்தியாலம்."

மகனைப் பின் சீற்றில் படுக்கவைத்து, தலையைத் தாய் மடியில் ஏந்திக்கொண்டாள். நாகேந்திரத்தார் முன்னால் ஏறினார். வான் லேன் முகப்புக்கு வந்தது. செக்பொயின்ரின் தடைக் கம்பு குறுக்கே விழுந்தது.

சிப்பாய்க்கு அவருடைய மகனின் வயதுதான் இருக்கும். கிட்ட வந்தான். முகத்தில் கைக்குட்டை இல்லை, பயமும் இல்லை. படையினர் எல்லாருக்கும் ஊசி போட்டு முடித்துவிட்டார்கள் என்ற செய்தி போன கிழமைப் பத்திரிகையில் வந்திருந்தது. நாகேந்திரத்தார் விரித்துவைத்துக்கொண்டு வாசிக்காமல் விட்ட பக்கங்களில் அதுவும் ஒன்று.

"மகனுக்கு உண, மாத்தயா," என்றார் அவர். உண என்றால் காய்ச்சல், மாத்தயா என்றால் ஐயா. சொல்லும்போதே இருமல் வந்துவிட்டது.

சிப்பாய் சிரித்தான். மணல் மூட்டைக்குப் பின்னாலிருந்த மற்றவனைக் கூப்பிட்டு, இதோ இன்னொரு காய்ச்சல் வந்திருக்கிறது என்றான். மற்றவன் அங்கிருந்தபடியே பெரிதாக இருமிக் காட்டினான். இருவரும் நல்ல பகிடியாகச் சிரித்தார்கள். இந்த லேனில் இருந்து வருகிற எல்லாப் பெடியனுக்கும் காய்ச்சல்தான், அங்கிள், எத்தனை நாளைக்கு எங்களைப் பேய்க்காட்டி ஏமாற்றுவீர்கள், அவனை இறங்கி நடக்கச் சொல்லுங்கள் என்றான் முதலாமவன்.

"அவனால ஏலாது. அய்யோ, மெய்யாச் சொல்லுறன்," என்று சிவக்கொழுந்து தமிழில் கத்தினாள்.

சிப்பாய் துவக்கைத் தோளில் சரிசெய்துகொண்டு நின்ற இடத்திலேயே நின்றான். அவசரம் எதுவும் அவனுக்கு இல்லை. பின்னால் வாகனங்கள் சேரத் தொடங்கின. வாகீசன் கண் திறக்காமல் முனகினான்.

நாகேந்திரத்தார் இறங்கினார். பின் கதவை இழுத்துத் திறந்தார். இரண்டு கையையும் கூப்பினார். இந்தச் சீருடைக்காரரின் கை தன் பிள்ளையின் மேல் இனி ஒருநாளும் படக்கூடாது என்பதற்காக அவர் எதையெல்லாமோ செய்திருந்தார்.

"அல்லலா பலன்ன, மாத்தயா," என்றார். "அனே, அல்லலா பலன்ன." தொட்டுப் பாருங்கள். தயவு செய்து தொட்டுப் பாருங்கள்.

சிப்பாயின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. கிழவரின் முகத்தைப் பார்த்தான். உள்ளே குனிந்து, பெடியனின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தான். வைத்தவன் சட்டென்று எடுத்து, நம்பாதவன்போல் மறுபடியும் வைத்தான்.

"ஊசி போட்டதா?" என்று சிங்களத்தில் கேட்டான்.

இதற்குப் பதிலாக நாகேந்திரத்தாரிடம் மூன்று மகஜர்கள் இருந்தன.

"நே," என்றார். இல்லை.

சிப்பாய் தலையைத் திருப்பி, கம்பைத் தூக்கு, வழியை விடு, பிள்ளை சாகக் கிடக்கிறான் என்று கத்தினான். மற்றவன் ஓடினான். தாஸிம் வானை உறுமவைத்தார். கம்பு மேலே எழும்பும்வரை சிப்பாயின் கை பெடியனின் நெற்றியிலேயே இருந்தது. அது அங்கேயே இருக்கட்டும், எடுக்காமல் இருக்கட்டும் என்று நாகேந்திரத்தார் வேண்டிக்கொண்டு நின்றார்.